தெராக்-25: நாம் பாதி மட்டும் சொல்லும் கதை

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை நான் ஒரு வகுப்பு எடுப்பது வழக்கம். சாஃப்ட்வேர் தப்புப் பண்ணினால் என்ன ஆகும் என்பதுதான் பேச்சு. எட்டு வருடமாக அதில் ஒரு ஸ்லைடை நான் மாற்றவே இல்லை. "தெராக்-25. புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுக்கும் இயந்திரம். 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய டோஸ். காரணம்: ரேஸ் கண்டிஷன் பக். பாடம்: ஒழுங்காக டெஸ்ட் செய்யுங்கள்." வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாக இருக்கும். அப்புறம் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன்.

போன வருடம் என் அத்தைக்கு 25 சிட்டிங் ரேடியேஷன் கொடுத்தார்கள். பாதி நாள் நான்தான் கூடப் போனேன். உள்ளே சிகிச்சை சில நிமிஷங்கள், வெளியே காத்திருப்பு ஒரு மணி நேரம். அந்தக் காத்திருப்பில், எட்டு வருடமாக மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த கட்டுரையை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். ஆமாம், முதல்முறையாகத்தான். அதுவரை நான் படித்ததெல்லாம் அதைப் பற்றி மற்றவர்கள் எழுதிய சுருக்கங்கள். படித்து முடித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நான் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் முக்கியமான பாதியை விட்டுவிட்டேன். நம் துறையில் பெரும்பாலானோர் அப்படித்தான் சொல்கிறோம் என்று நினைக்கிறேன்.

கட்டுரை

நான்சி லெவிசன், கிளார்க் டர்னர் இருவரும் சேர்ந்து எழுதி, 1993 ஜூலையில் ஐ.ஈ.ஈ.ஈ. கம்ப்யூட்டர் இதழில் வெளிவந்த ஆய்வு அது. 24 பக்கம். அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆவணங்கள், கடிதங்கள், வழக்கு விவரங்கள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, எந்த நாளில் யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்று வரிசையாக வைக்கிறார்கள். கோபமான வார்த்தை கிட்டத்தட்ட எதுவும் இல்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே நமக்குக் கோபம் வந்துவிடுகிறது.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தயாரித்தது ஏ.ஈ.சி.எல். என்ற கனடா நாட்டு அரசு நிறுவனம். அமெரிக்காவில் 5, கனடாவில் 6 என மொத்தம் 11 இயந்திரங்கள்தான் நிறுவப்பட்டன. ஒரே இயந்திரம் இரண்டு விதமாக வேலை செய்யும். மேலோட்டமான கட்டிக்கு எலக்ட்ரான் கற்றையை நேரடியாகக் கொடுக்கலாம். ஆழமான கட்டிக்கு அதே எலக்ட்ரான்களை ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ்-ரே ஆக மாற்றிக் கொடுக்கலாம். எக்ஸ்-ரே முறையில் நிறைய ஆற்றல் வழியிலேயே வீணாகிவிடும். அதனால் கற்றையின் அளவு எலக்ட்ரான் முறையைவிடச் சுமார் 100 மடங்கு அதிகமாக இருக்க வேண்டும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. எந்த முறையோ அதற்கேற்ற கருவியைக் கற்றையின் பாதையில் கொண்டுவந்து நிறுத்துவது ஒரு சுழல் மேடை. எக்ஸ்-ரேக்கான பெரிய கற்றை கிளம்பும் நேரத்தில் தகடு பாதையில் இல்லை என்றால், அத்தனையும் நேராக நோயாளியின் உடம்பில் இறங்கும். வழக்கமாக ஒரு நாளைக்குக் கொடுக்கும் டோஸ் 200 ரேட் அளவில் இருக்கும் (இன்றைய கணக்கில் 2 கிரே). இந்த விபத்துகளில் சிலருக்கு ஒரு சிறு இடத்தில் 15,000 ரேட்டுக்கு மேல் போயிருக்கலாம் என்று பின்னால் மதிப்பிட்டார்கள்.

எல்லோரும் சொல்லும் பாதி

1986 மார்ச் 21, டெக்சாஸ் மாநிலம், டைலர் நகரம். நோயாளிக்கு அது ஒன்பதாவது சிட்டிங். ஆபரேட்டர் அனுபவசாலி, வேகமாக டைப் செய்பவர். எலக்ட்ரானுக்கு 'இ' அடிப்பதற்குப் பதில் எக்ஸ்-ரேக்கான 'எக்ஸ்' அடித்துவிட்டார். உடனே கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்தினார். திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் உள்ளே காந்தங்கள் தயாராக எடுத்துக்கொள்ளும் சுமார் 8 விநாடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டதால், புரோகிராமின் ஒரு பகுதிக்குத் திருத்தம் தெரிந்தது, இன்னொரு பகுதிக்குத் தெரியவில்லை. பெரிய கற்றை கிளம்பியது, பாதையில் தகடு இல்லை.

திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது. கொடுக்க வேண்டியது 202 யூனிட், கொடுத்தது 6 யூனிட் என்று காட்டியது. டோஸை அளக்கும் கருவி, அந்த அளவு கதிர்வீச்சில் திணறிப்போய், மிகக் குறைவு என்று சொன்னது. இந்த இயந்திரம் இப்படி அடிக்கடி நின்று நின்று போகும், ஆபரேட்டர்களுக்கு அது பழகிப்போன விஷயம். குறைவாகத்தானே போயிருக்கிறது என்று அவர் 'பி' பட்டனைத் தட்டித் தொடர்ந்தார். இரண்டாவது முறையும் பாய்ந்தது. அறையைப் பார்க்கும் வீடியோ அன்று இணைக்கப்படவில்லை, ஆடியோவும் வேலை செய்யவில்லை. உள்ளே இருந்தவர் எழுந்து வந்து கதவைத் தட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்தார்.

நாம் வகுப்பில் சொல்வது இந்தப் பாதியை. மிக நல்ல பக் கதை. 1987 ஜனவரியில் யாக்கிமாவில் நடந்த கடைசி விபத்துக்குக் காரணமான பக் இன்னும் 'அழகு'. ஒரு பைட் அளவுள்ள மாறியை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டிக்கொண்டே போனார்கள். 256-ஆவது சுற்றில் அது பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் என்றால் 'சோதிக்கத் தேவையில்லை' என்று அர்த்தம். சரியாக அந்த நொடியில் ஆபரேட்டர் பட்டனை அழுத்தியதால் சோதனை நடக்காமலே கற்றை கிளம்பியது. இந்த மாதிரி விஷயத்தைப் படித்தால் புரோகிராமருக்குக் கண் விரியும். எனக்கும் விரிந்தது. விரிந்த கண்ணுக்கு மற்றது தெரியாமல் போனது.

விட்டுப்போன பாதி: எடுத்துவிட்ட காவல்

தெராக்-25க்கு முந்தைய மாடல் தெராக்-20. அதன் சாஃப்ட்வேரிலும் டைலரில் வெளிப்பட்ட இதே பிழை இருந்தது. பின்னால்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் தெராக்-20ல் அதனால் யாருக்கும் தீங்கு வரவில்லை. ஏன் தெரியுமா? அதில் கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாத தனி ஹார்டுவேர் இன்டர்லாக்குகள் இருந்தன. கம்ப்யூட்டர் உளறினால் ஃபியூஸ் போய்விடும், கற்றை கிளம்பாது. தெராக்-25ல் 'அதான் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறதே' என்று அந்தத் தனிக் காவலில் பலவற்றை வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

அதாவது ஒரே பிழை ஒரு மாடலில் வெறும் தொந்தரவு, இன்னொன்றில் மரணம். அப்படியென்றால் ஆளைக் கொன்றது பக் என்று மட்டும் சொல்வது எப்படி முழுக்க உண்மையாகும்?

அடுத்தது, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியில் வந்துபோகும் செய்தி. என்னை அதிகம் உலுக்கியது இதுதான். ஆபரேட்டர் அறைக்குள்ளே போய் நோயாளியைப் படுக்க வைத்து, கற்றையின் பரப்பு, கோணம் முதலியவற்றைக் கையால் அமைப்பார். பிறகு வெளியே வந்து அந்த அளவுகளைக் கீபோர்டில் மறுபடி அடிக்க வேண்டும். உள்ளே அமைத்ததும் வெளியே அடித்ததும் ஒத்துப்போனால்தான் திரையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் நேரம் ஆகிறது என்று ஆபரேட்டர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதனால் முதல் இயந்திரத்தை நிறுவும் முன்பே சாஃப்ட்வேரை மாற்றினார்கள். இனி அடிக்க வேண்டாம், என்டர் தட்டினால் போதும், உள்ளே அமைத்த அளவே இங்கே காப்பியாகிவிடும்.

யோசித்துப் பாருங்கள். காப்பி செய்த அளவை எதோடு ஒப்பிடுகிறோம்? அதோடேதான். ஓர் எண்ணை அதே எண்ணோடு ஒப்பிட்டால் எப்போதும் ஒத்துத்தான் போகும். திரையில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற வார்த்தை அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த சரிபார்ப்பு போய்விட்டது.

இதை ஒரு யூசர் ஃபிரெண்ட்லி முன்னேற்றமாகத்தான் அன்று பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். பார்த்திருப்பேன் என்ன, பார்த்திருக்கிறேன். முன்பு வேலை செய்த இடத்தில், பணம் அனுப்பும் ஒரு சாஃப்ட்வேருக்கு மேக்கர்-செக்கர் முறை இருந்தது. ஒருவர் தொகையை அடிப்பார், இன்னொருவர் காகிதத்தைப் பார்த்து அதையே மறுபடி அடிப்பார். இரண்டாமவர்கள் புலம்பினார்கள். நான் ஒரு 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு, அனுமதி' பட்டன் வைத்துக்கொடுத்தேன். பாராட்டு மெயில் வந்தது. சில மாதம் கழித்து ஒரு சைபர் கூடுதலான தொகை இரண்டு பேர் அனுமதியோடும் வெளியே போனது. அலைந்து திரிந்து பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டோம். டோஸாக இருந்திருந்தால் திரும்ப வாங்க முடியாது.

நோயாளி சொன்னதை யார் கேட்டார்கள்?

1985 ஜூன் 3, ஜார்ஜியா மாநிலம், மரியெட்டா. முதல் விபத்து. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வந்த 61 வயதுப் பெண். பெரிய சூடு ஒன்று பாய்ந்ததாக உணர்ந்து, என்னைச் சுட்டுவிட்டாய் என்று அங்கேயே சொல்கிறார். அதற்கு வாய்ப்பே இல்லை என்று பதில் வருகிறது. மருத்துவமனை இயற்பியலாளர் தயாரிப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: எலக்ட்ரான் முறையில் கற்றை பரவாமல் நேராகப் பாய முடியுமா? முடியாது என்று மூன்றே நாளில் பதில்.

அடுத்த மாதம் கனடாவின் ஹாமில்டன். இயந்திரம் நின்று நின்று போகிறது, டோஸ் எதுவும் போகவில்லை என்று காட்டுகிறது. ஆபரேட்டர் திரும்பத் திரும்பத் தொடர்கிறார், மொத்தம் ஐந்து முறை. நோயாளி மின்சாரம் பாய்ந்தது போல இருந்தது என்கிறார். தயாரிப்பாளர், சுழல் மேடையின் இடத்தைச் சொல்லும் ஒரு சின்ன ஸ்விட்ச்தான் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்து, அதைச் சரிசெய்துவிட்டு, பாதுகாப்பு ஒரு லட்சம் மடங்கு கூடிவிட்டது என்று கணக்குக் காட்டுகிறார். இத்தனைக்கும் அந்தக் கோளாறை அவர்களால் மறுபடி உண்டாக்கிக் காட்டவே முடியவில்லை. மேடை எங்கே நிற்கிறது என்பதை அளக்கக் கம்ப்யூட்டரைச் சாராத தனிக் கருவி வையுங்கள் என்று அப்போதே, 1985லேயே, பரிந்துரை வந்தது. கடைசியில் 1987ல் ஒத்துக்கொண்ட திருத்தங்களில் அதுவும் ஒன்று. இடையில் டைலரில் இரண்டு பேர், யாக்கிமாவில் ஒருவர் என மூன்று பேர் இந்த அதீத டோஸின் விளைவுகளால் இறந்துவிட்டார்கள்.

டைலரின் முதல் விபத்துக்குப் பிறகும் அப்படித்தான். தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள், குறை எதுவும் அகப்படவில்லை. ஒருவேளை மின்கசிவாக இருக்கலாம் என்றார்கள். வெளியாள் ஒருவர் வந்து சோதித்தார், மின்கசிவும் இல்லை. ஏப்ரல் 7ஆம் தேதி இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏப்ரல் 11, அதே ஆபரேட்டர், அதே மால்ஃபங்ஷன் 54. இம்முறை முகத்தில். மூன்று வாரத்தில் மரணம்.

இதன் மர்மத்தை உடைத்தது தயாரிப்பாளர் இல்லை. டைலர் மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்த ஆபரேட்டரும் உட்கார்ந்து, அன்று என்ன அடித்தோம், எவ்வளவு வேகத்தில் அடித்தோம் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்து அந்தப் பிழையை வரவழைத்தார்கள். தயாரிப்பாளரிடம் சொன்னபோது அவர்களுக்கு முதலில் வரவில்லை. வேகமாக அடிக்க வேண்டும் என்று சொன்ன பிறகே வந்தது. உடனடித் தீர்வாக எல்லா மருத்துவமனைகளுக்கும் போன கடிதம் என்ன சொன்னது தெரியுமா? கர்சரை மேலே நகர்த்தும் கீயைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள் என்றது. கற்பனை இல்லை, நிஜமாகவே அப்படித்தான்.

கட்டுரையோடு என் சண்டை

லெவிசனும் டர்னரும் ஒற்றைக் காரணம் சொல்லும் வழக்கத்தை எதிர்த்துத்தான் இதை எழுதினார்கள். ஒரு பக்கைத் திருத்திவிட்டால் இயந்திரம் பாதுகாப்பாகிவிடும் என்ற நினைப்புதான் ஒவ்வொரு முறையும் அடுத்த விபத்துக்கு வழிவிட்டது என்று தெளிவாகவே சொல்கிறார்கள். நம்பகத்தன்மை வேறு, பாதுகாப்பு வேறு என்கிறார்கள். ஆயிரம் முறை சரியாக ஓடியது என்பதால் ஆயிரத்து ஒன்றாவது முறை ஆளைக் கொல்லாது என்று ஆகாது.

ஆனாலும் நாம் தப்பாகப் படித்ததில் கட்டுரைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இரண்டு பக்குகளையும் படம் போட்டு, மாறிகளின் பெயரோடு, பக்கக்கணக்கில் விளக்குகிறார்கள். என்டர் கீ விவகாரத்துக்கு ஒரு பத்தி. வாசிப்பவர் புரோகிராமர். படம் போட்ட இடத்தில்தான் அவர் கண் நிற்கும், அதைத்தான் ஸ்லைடில் ஒட்டுவார். நோயாளிகள் சொன்னதும் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. விபத்து வாரியாகப் படிக்கும்போது ஒவ்வொன்றும் தனிச் சம்பவமாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்திருந்தால், சுட்டது, ஷாக் அடித்தது என்று நோயாளிகள் சொன்னதே அந்த இயந்திரத்தில் மிஞ்சியிருந்த ஒரே தனி அளவுகோல் என்பது பளிச்சென்று தெரிந்திருக்கும். டோஸ் மீட்டர் 6 யூனிட் என்றது, உடம்பு வேறு சொன்னது. உடம்பு சொன்னதுதான் சரி.

பனாமா: பக் இல்லாத விபத்து

தெராக்-25 தரும் பாடம் 'ரேஸ் கண்டிஷன் கூடாது' என்பதுதான் என்றால், பனாமாவில் 2000–01ல் நடந்ததற்கு நம்மிடம் பதில் இருக்காது. அந்த நாட்டின் தேசியப் புற்றுநோய் மருத்துவமனையில், இடுப்புப் பகுதிச் சிகிச்சைக்கு உறுப்புகளை மறைக்கும் கவசத் துண்டுகளை வைத்து, எத்தனை நேரம் கதிர்வீச்சு கொடுப்பது என்று ஒரு சாஃப்ட்வேர் கணக்குப் போட்டது. அதில் நான்கு துண்டுகளை மட்டுமே பதியலாம். மருத்துவர் ஐந்தாவதும் வேண்டும் என்றார். பல துண்டுகளை ஒரே துண்டு போலக் கோடு இழுத்துப் பதிந்தால் சாஃப்ட்வேர் ஏற்றுக்கொள்வதைக் கண்டுபிடித்தார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ஒரு 'அட்ஜஸ்ட்மென்ட்'. ஆனால் கோட்டை ஒரு விதமாக இழுத்தால் கணக்குச் சரியாக வரும், இன்னொரு விதமாக இழுத்தால் நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வரும். எச்சரிக்கை எதுவும் வராது.

2000 நவம்பரிலேயே சில நோயாளிகளுக்கு நிற்காத வயிற்றுப்போக்கு இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள், கேள்வியும் கேட்டார்கள். இயற்பியலாளர்கள் ஃபைல்களை எடுத்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் தந்த எண்ணைச் சந்தேகிக்கவில்லை, அதனால் தப்பு எதுவும் தெரியவில்லை. 2001 மார்ச்சில்தான் கண்டுபிடித்தார்கள். 28 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் குழு அந்த மே மாதம் போனபோது 8 பேர் இறந்திருந்தார்கள். அதில் குறைந்தது 5 பேர் இறந்தது ரேடியேஷனால். அந்தச் சிகிச்சை நேரத்தைக் கால்குலேட்டரும் அட்டவணையும் வைத்துக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இங்கே ரேஸ் கண்டிஷன் இல்லை, 256-ஆவது சுற்றும் இல்லை. ஆனால் கதை ஒன்றுதான். சரிபார்க்க வேண்டியவர், எதைச் சரிபார்க்க வேண்டுமோ அதையே ஆதாரமாக வைத்துக்கொண்டார். நோயாளியின் உடம்பு மட்டும் தனியாக, சரியாகச் சொன்னது.

இதற்கு நல்ல எதிர் உதாரணமும் உண்டு. சர்வதேச அணுசக்தி முகமையும் உலகச் சுகாதார நிறுவனமும் 1969லிருந்து மருத்துவமனைகளுக்குத் தபாலில் சின்ன டோஸ்மீட்டர்களை அனுப்புகின்றன. இவ்வளவு டோஸ் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள் என்பார்கள். உண்மையில் எவ்வளவு பட்டது என்று அங்கே அளப்பார்கள். மருத்துவமனையின் கம்ப்யூட்டர் என்ன நினைத்தது என்பது அந்தச் சின்ன டோஸ்மீட்டருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் பலம்.

அத்தையின் பெயர்

அத்தைக்கு ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு குறைதான். "தினம் தினம் வந்து 'உங்க பேரு சொல்லுங்கம்மா, பிறந்த தேதி சொல்லுங்கம்மா'ன்னு கேக்குறாடா அந்தப் பொண்ணு. இருபது நாளா பாக்குறா, இன்னுமா ஞாபகம் இல்ல?" என்று சலித்துக்கொள்வார்.

முதல் வாரம் நானும் சிரித்தேன். கட்டுரையைப் படித்த பிறகுதான் அந்தப் பெண் கேட்கும் விதத்தைக் கவனித்தேன். 'நீங்க இன்னார்தானே?' என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால், அரைத் தூக்கத்தில், காது மந்தமாக இருக்கும் யாரும் தலையாட்டிவிடுவார்கள். அது என்டர் கீ. 'உங்க பேரு சொல்லுங்க' என்றால் பதில் நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும். ஃபைலிலிருந்து காப்பி ஆக முடியாது.

இதை அத்தையிடம் விளக்கிச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப நல்லதுக்குத்தான் கேக்குறாளா? சரி, கேக்கட்டும்" என்றார். அடுத்த நாளிலிருந்து, அந்தப் பெண் வாயைத் திறக்கும் முன்பே பெயரையும் தேதியையும் உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இந்த வருட வகுப்புக்கு அந்த ஸ்லைடை மாற்றிவிட்டேன். ரேஸ் கண்டிஷன் இன்னும் இருக்கிறது, அதை எடுக்கவில்லை. அதற்குக் கீழே இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். உங்கள் சாஃப்ட்வேரில் 'சரிபார்க்கப்பட்டது' என்று வரும் ஒவ்வொரு இடத்திலும், எதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள்? யாராவது 'எனக்குச் சுட்டது' என்று சொன்னால், அது உங்களிடம் வந்து சேர வழி இருக்கிறதா?

வகுப்பில் ஒரு பையன் கையைத் தூக்கி, "சார், நம்ம புராடக்ட்ல அந்த அப்ரூவ் ஆல் பட்டன் இருக்கே?" என்றான். இருக்கிறது. அதை எடுப்பதற்கான டிக்கெட்டை அன்று மாலையே என் பெயரில் போட்டேன்.